கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பேக்கரிப் பாண் கொண்டுவந்த மனிதருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. மீன் வைத்த மாலுபாண் இருக்கிறதா என்று கேட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டு நன்றாகத் தேடுவார். பெட்டி காலி என்பது வெளியே நிற்கிற நமக்கே தெரியும். இருந்தாலும் தேடுவார். பிறகு தலையை வெளியே எடுத்து, "நாளைக்கு உங்களுக்குனு தனியா எடுத்து வச்சிருக்கேன் தங்கச்சி" என்பார். நாளைக்கு வேகப்போகிற மாலுபாணை இன்றைக்கே எடுத்துவைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறது, கல்லறையிலும் எழுதியாகிவிட்டது. ஆனால் தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. பின்னால் பேசும்போது பாண்காரர், நேரில் பார்த்தால் அண்ணே. நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

பதுளை டவுனில் இருக்கிற ஒரு பேக்கரியிலிருந்து தினமும் பின்னேரம் அவருடைய மூன்று சக்கர வண்டி நமுனுகுல மலைப்பக்கம் ஏறி வரும். வண்டியில் ஒரு வெளிநாட்டு மெட்டு ஓடும். முழு மெட்டும் இல்லை, அதில் ஒரு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப. கீழே வளைவு திரும்பும்போதே கேட்டுவிடும். நான் வேலை பார்ப்பது பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பாடுபட்டுத் தொட்டில்களில் போட்டுத் தூங்க வைத்த குழந்தைகளை அந்த மெட்டு ஒன்றுவிடாமல் எழுப்பிவிடும். "கொஞ்சம் நிப்பாட்டிட்டு வரக் கூடாதாண்ணே?" என்று சண்டை பிடிப்பேன். "நாளைலருந்து நிப்பாட்டிடுறேன் தங்கச்சி" என்பார். மறுநாளும் மெட்டோடுதான் வருவார்.

மெட்டு இல்லாமல் அவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு சாயங்காலம். அன்று என் மகளுக்கு நிச்சயம். பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. வண்டி வந்து நின்ற சத்தம் கூடக் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தால் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறார். உள்ளே வாங்கண்ணே என்றேன், வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், வாங்கவில்லை. உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஒரு பை நிறையச் சீனி தூவிய கிம்புலா பனிஸை என் கையில் திணித்து, "சந்தோசமா இருங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார். நல்ல காரியம் நடக்கிற வீடு என்று மெட்டை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார், எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று சம்பந்தியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இல்லை என்று சொல்லத் தெரியாதவருக்குக் கெட்ட சேதி எப்படிச் சொல்ல வரும்? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாய் வளர்த்தார். ஒருநாள் அதைக் காணவில்லை. அவர் தேடாத மலை இல்லை. பாண்காரர் வந்ததும், வழியில் எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்டார். "பார்த்தேனே. ரெண்டு வெள்ளைக்காரங்க பின்னால எல்ல டவுன் பக்கம் போயிக்கிட்டு இருந்துச்சு. பிஸ்கட் போட்டாங்க. நல்லா இருக்கு" என்றார் இவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு ஆறிவிட்டது. எல்லவில் ஏதாவது ஹோட்டலில் இறைச்சியும் முட்டையும் தின்று கொழுத்திருக்கும் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாய் லொறியில் அடிபட்டுக் கிடந்ததையும், பாண்காரர் வண்டியை நிறுத்தி அதைத் தேயிலைச் செடிக்குக் கீழே புதைத்ததையும் எனக்கு லொறிக்காரரே சொன்னார். நான் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. எனக்கும் அப்போதே அந்த நோய் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

அவரிடம் பாணைவிட அதிகமாக இருந்த சரக்கு விசாரிப்பு. தோட்டத்தின் கீழ் டிவிசனில் பாண் விற்றுவிட்டு மேல் டிவிசனுக்கு ஏறுவார். "கங்காணி வீட்டம்மா உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க." "டவுன்ல உங்க மச்சானைக் கண்டேன், எல்லாரையும் கேட்டதா சொல்லச் சொன்னாரு." இப்படி ஒவ்வொரு வாசலிலும் ஒன்றை இறக்கி வைப்பார். யாராவது உண்மையிலேயே சொல்லி அனுப்பினார்களா, இவராகச் சொல்கிறாரா என்று யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை. பாண் சூடாக இருந்தால் எந்த அடுப்பில் வெந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? கொழும்புக்குப் போய்த் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் பாணுக்காக வரிசையில் நிற்கவில்லை, இதற்காகத்தான் நின்றார்கள்.

எனக்கு அவர் கொண்டுவந்ததெல்லாம் ஸ்டெல்லாவின் விசாரிப்பு.

ஸ்டெல்லா கீழ் டிவிசன், நான் மேல் டிவிசன். அவளும் நானும் ஒரே துணியில் வெட்டிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றாகக் கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கியவர்கள். அவளுடைய அம்மா எனக்கும் தலை வாரிவிட்டவர். அந்த அம்மா நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அதனால்தான் என் மகளின் நிச்சயத்துக்கு ஸ்டெல்லா வரவில்லை. நிச்சயத்துக்கு மறுநாள் காலையில் மாதா கோயிலில் சாவு மணி அடித்தது. மழையோடு ரோட்டில் போன ஒரு ஆள் சொல்லித்தான் அது ஸ்டெல்லாவின் அம்மா என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கம் சாவை நேரில் வந்து சொல்ல வேண்டும். மணி ஊருக்கு. போனில் சொன்னாலும் சொன்னதாகாது, அப்போது போனில் பேசுவதென்றால் பாறைமேல் ஏறிச் சிக்னல் தேட வேண்டும், அது வேறு கதை. நெருங்கியவர்களுக்கு ஒரு ஆள் வாசலுக்கு வந்து சொல்ல வேண்டும். நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது வருவார்கள், இப்போது வருவார்கள் என்று பகல் முழுக்கப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆள் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது என் நெஞ்சு வெடித்துவிட்டது. பின்னேரம் சாவு வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கடைசியாக ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதோடு பேச்சு நின்றது.

அடுத்த வாரத்திலிருந்து பாண்காரர் தொடங்கிவிட்டார். "ஸ்டெல்லா தங்கச்சி உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க."

"கேக்கிறவ நேர்ல வந்து கேக்கலாமே" என்பேன்.

சொல்லிவிட்டு உடனே போக மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் ஒரு கையை வைத்தபடி நிற்பார். நான் பதிலுக்கு ஒன்று சொல்லி அனுப்புவேன் என்று எதிர்பார்ப்பார். "நீங்களும் கேட்டதா சொல்லவா தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்பார். நான் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுவேன், இல்லாவிட்டால் தொட்டிலை ஆட்டுவேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு அது சுகமாக இருந்தது. அவள் இறங்கி வருகிறாள், கேட்டுக் கேட்டு அனுப்புகிறாள், ஒருநாள் இந்த வாசலுக்கே வருவாள் என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த விசாரிப்பு ஒருநாள் வராவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது. ஆனாலும் வாய் திறந்து ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. இப்படியே என் மகளுக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்கள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

பாண்காரருக்கு நெஞ்சில் நோய் என்று பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நேத்து ஸ்டெல்லா தங்கச்சி வந்தாங்க. உங்களைக் கேட்டாங்க."

"சரிண்ணே. பேசாதீங்க, மூச்சு வாங்குது."

"ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க தங்கச்சி. நான் கொண்டுபோய்ச் சொல்லிடுறேன்."

கட்டிலை விட்டு இறங்க முடியாத மனிதர், எங்கே கொண்டுபோகப் போகிறார்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மொதல்ல நீங்க எழும்பி வண்டியை எடுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். அந்த வாரமே இறந்துபோனார்.

அவருடைய முப்பதாம் நாள் பூசை எங்கள் மாதா கோயிலில்தான் நடந்தது. தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் முன் வாங்குகள் கூட நிறையாது, அன்று நிற்க இடமில்லை. நெற்றியில் திருநீறோடு லயத்துச் சனங்கள், டவுனில் கடை வைத்திருக்கிற முதலாளிமார், ரோட்டோரக் கிராமத்துச் சிங்களப் பெண்கள், எல்லாரும் அவரிடம் பாண் வாங்கியவர்கள். பீடத்துக்குக் கீழே அவர் படம். அதிலும் ஏதோ தேடுகிற மாதிரிதான் முழித்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாக ஸ்டெல்லா முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால் உட்காருவேன். அவள் பின்னால் என்றால் நான் முன்னால். அன்று அவள் வரும்போது இடமே இல்லை. உபதேசியார் கூட்டிவந்து என் வாங்கில் உட்கார வைத்துவிட்டார். எங்களுக்கு நடுவில் என் கைப்பையை வைத்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லிப் பாதர் கேட்டபோது, நான் முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களையெல்லாம் தேடித் தேடிக் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்தவளுடைய தோளைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளும் அதையேதான் செய்தாள்.

நன்மை கொடுத்து முடிந்ததும், அவருக்காகச் சற்று நேரம் மௌனமாக மன்றாடுவோம் என்றார் பாதர். கோயில் அப்படியே அடங்கியது. அப்போது வெளியே அந்த மெட்டு கேட்டது. கீழே வளைவில் தொடங்கி, ஏறி ஏறிக் கோயில் வாசலுக்கே வந்துவிட்டது. பூசைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி பேக்கரியிலிருந்து பனிஸ் அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் புதிய பாண்காரர், பசறைப் பக்கத்து ஆள், அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் கோயிலில் இருந்த அத்தனை தலையும் வாசலுக்குத் திரும்பியது. பாண்காரரின் மனைவி எழுந்தே நின்றுவிட்டார். பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். நான் குனிந்து பார்த்தபோது ஸ்டெல்லாவின் கை என் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் தூறல். டர்பன்டைன் மரத்தடியில் ஒதுங்கினேன். ஸ்டெல்லாவும் அங்கேதான் வந்து நிற்க வேண்டியதாயிற்று, வேறு மரம் இல்லை. பாண்காரரின் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், தட்டில் பிளேன்டீயும் பனிஸும் கொண்டுவந்தார்.

"ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்க்க அவருக்குக் குடுத்து வைக்கல. ஆஸ்பத்திரியில கிடந்தும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. 'அதுங்க ரெண்டும் பேசிக்கிடுச்சா'ன்னு."

ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல் அண்ணியிடம் சொன்னாள். "எனக்கென்ன அண்ணி கோவம்? மேலருந்து உங்களைக் கேட்டாங்க, கேட்டாங்கன்னு அண்ணனும் நாள் தவறாமச் சொல்வாரு. கேக்கிறவங்க எங்கம்மா செத்த அன்னைக்கு ஏன் வாசப்படி மிதிக்கல?"

நானும் அண்ணியிடம் சொன்னேன். பேச்சு இல்லாதவர்கள் பேசிக்கொள்ளும் முறை இதுதான். "சொல்லிவிட்டிருந்தா மிதிச்சிருப்பேன் அண்ணி. எல்லாருக்கும் ஆள் போச்சு. எனக்கு மட்டும் இல்ல."

ஸ்டெல்லா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "உனக்குச் சொல்லிவிடலயா? உன் மக நிச்சயத்தன்னைக்குப் பின்னேரம் அம்மா கண்ணை மூடினதும் மொத ஆளா உனக்குத்தான்டி சொல்லிவிட்டேன்! பாண்கார அண்ணன் வாசல்ல நின்னாரு. மேலதான் போறேன், நானே சொல்லிடுறேன்னாரு. திரும்பி வந்து, சொல்லிட்டேன், விடிஞ்சதும் வர்றேன்னாங்கன்னாரு. உனக்காகப் பெட்டியை மூடாம வச்சிருந்தோம். பாதர் அவசரப்படுத்துறாரு, நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கெஞ்சிக்கிட்டு நின்னேன்."



எனக்கு அந்த மழைச் சாயங்காலம் கண்முன்னால் வந்தது. மெட்டில்லாத வண்டி. சாவு சொல்லப் போகிறவர் வீட்டுக்குள் நுழைய மாட்டார், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். பாயில் மாப்பிள்ளை வீட்டார், வெற்றிலைத் தட்டு, புதுச் சேலையில் என் மகள். நாயை எல்லவுக்கு அனுப்பி வைத்த மனிதர் அந்த வாசலில் நின்று என்ன சொல்லியிருப்பார்? பனிஸைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கீழே போய் அங்கேயும் நல்ல சேதிதான் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார், அதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே போய் அந்தப் படத்தைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. உடனேயே, எந்த மழையிலும் கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றதும் நினைவுக்கு வந்தது. அவ்வளவு நாளும் அவர் தன் தப்பைத்தான் சுமந்துகொண்டு ஏறி வந்திருக்கிறார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவரு சொல்லலையா தங்கச்சி?" என்று கேட்டார் அண்ணி. முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு பேரும் இத்தனை காலம் பிரிஞ்சிருந்தது அவராலயா?"

புருஷனுடைய முப்பதாம் நாளில் ஒரு பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா அது? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அண்ணியை அப்படிக் கேட்க வைத்திருந்தோம்.

"வந்தாரு அண்ணி" என்றேன். "சொன்னாரு. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து சொன்னாரு. நான்தான் வரல. சாவு சேதி காதுல விழுந்தா நிச்சயம் நின்னு போயிடுமோன்னு மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து மூடி மறைச்சிட்டேன். அப்புறம் வெக்கமாப் போச்சு, சொல்லிவிடலன்னு பழியைத் திருப்பிட்டேன்."

அண்ணிக்கு மூச்சு வந்தது. "அதானே பார்த்தேன். அவரு சேதியை மறக்கிற ஆளா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்களிடம் தட்டைக் கொண்டுபோனார்.

நற்கருணை நாக்கில் கரைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கோயில் வாசலில் நின்று பொய் சொன்னேன். அதைவிட, ஸ்டெல்லா என்னைப் பற்றி இத்தனை காலம் நினைத்ததையெல்லாம் என் வாயாலேயே உண்மையாக்கிக் கொடுத்துவிட்டேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். குடிக்காத பிளேன்டீயை மதில்மேல் வைத்தாள். குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கூப்பிட நினைத்தேன், கூப்பிட்டு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் செத்தவரைக் குற்றவாளியாக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவளுடைய அம்மாவின் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் அவள் என்றைக்கும் காத்துக்கொண்டேதான் நிற்பாள்.

அடுத்தடுத்த நாட்களில் எனக்கு வேலை ஓடவில்லை. பால்மாவைக் கரைத்துவிட்டு எந்தக் குழந்தைக்கு என்று மறந்து நிற்பேன். பின்னேரமானால் மெட்டு வரும். புதிய பாண்காரர் பாணைக் கொடுப்பார், போவார். யாரும் யாரையும் கேட்டதாகச் சொல்ல மாட்டார். அவருக்கு எங்களில் யாரைத் தெரியும்? வாசலில் நின்ற பெண்கள் பாணை வாங்கிக்கொண்டும் போகாமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். பிறகு போவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் பாணைக் கொடுத்தார். வண்டியை எடுக்கப் போனவர் நின்று, "இங்க ரோசிங்கிறது யாரு?" என்றார்.

"நான்தான். ஏன்?"

"கீழ் டிவிசன்ல ஒரு அக்கா உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க."

இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வேற எதுவும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க, எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல. பொய் சொல்லவும் அந்த அண்ணன்கிட்டயே படிச்சுக்கிட்டாளான்னு கேக்கச் சொன்னாங்க. எந்த அண்ணன்னு நீங்கதான் சொல்லணும்."

இதை இந்தப் பசறைக்காரர் தானாகக் கட்டிச் சொல்லியிருக்க முடியாது. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், குழந்தை என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டது. புதியவர் பதிலுக்காகக் காத்து நிற்கும் ஆள் இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். குழந்தையோடு ரோட்டுக்கு ஓடிப்போய் வண்டியை மறித்தேன்.

"நானும் கேட்டதா சொல்லுங்க" என்றேன்.

"சரிக்கா" என்று அவர் மெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடிகிற வார்த்தை. இதைத்தான் பாண்கார அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்னிடம் கேட்டார்.